மரியந்தால்: ஆலை மூடிய ஊரில் 478 குடும்பங்கள்

வேலை போன குடும்பத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் பேசுவது பெரும்பாலும் இரண்டு விதம். கஷ்டத்திலும் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று சில வீடுகளைப் புகழ்வார்கள். சும்மா இருந்தே பழகிவிட்டார்கள், முயற்சியே இல்லை என்று சில வீடுகளை ஏசுவார்கள். இரண்டிலும் அந்த வீட்டாரின் குணம்தான் தராசில் ஏறுகிறது. 1931-32 குளிர்காலத்தில் ஆஸ்திரியாவின் ஒரு சிறிய ஆலைக் குடியிருப்பில் நடந்த ஆய்வைப் படித்த பிறகு என்னால் அப்படிப் பேச முடியவில்லை. நிமிர்ந்து நின்ற வீட்டுக்கும் எல்லாவற்றையும் கைவிட்ட வீட்டுக்கும் நடுவில் அங்கே இருந்தது ஆளுக்கு மாதம் 15 ஷில்லிங் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்). அந்தக் கணக்கு எப்படி வந்தது, அந்த இடைவெளி வீட்டுக்குள் என்னவாகத் தெரிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆலையும் ஊரும்

வியன்னாவுக்குத் தென்கிழக்கே, ரயிலில் எளிதாகப் போய்வரும் தூரத்தில், கிராமட்நாய்சீடல் என்ற ஊரை ஒட்டி இருப்பது மரியந்தால். 1830-ல் ஹெர்மன் டோடெஸ்கோ அங்கே பஞ்சாலை தொடங்கினார். ஆலை வளர வளர அதைச் சுற்றித் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் எழுந்தன. நூறு ஆண்டுகளில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே வாசல் வழியாக வேலைக்குப் போய்வந்த ஊர் அது. நூல் நூற்பதிலிருந்து துணியில் அச்சு போடுவது வரை எல்லாம் அங்கேயே நடந்தது. பெண்களும் ஆண்களுக்குச் சமமாகத் தறியில் நின்றார்கள்.

ஆலை ஒரே நாளில் சாத்தப்படவில்லை. 1929 ஜூலையில் நூற்புப் பிரிவு நின்றது. ஆகஸ்டில் அச்சு, செப்டம்பரில் வெளுப்பு, 1930 பிப்ரவரியில் தறிகள். பிறகு கட்டடங்களையே இடிக்கத் தொடங்கினார்கள். தான் வேலை செய்த இடம் செங்கல் குவியலாகக் கிடப்பதை வீட்டு ஜன்னலிலிருந்தே பார்த்தார்கள். வேறு இடத்தில் வேலை தேடவும் வழி இல்லை. 1931 மே மாதம் ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட்ஆன்ஸ்டால்ட் சரிந்தது. அந்த அதிர்ச்சி ஐரோப்பா முழுவதும் பரவியது. நாடே வேலையில்லாமல் நின்றபோது ஒரே ஆலையை நம்பிய ஊருக்கு எங்கிருந்து வேலை வரும்?

ஆய்வு நடந்தபோது மரியந்தாலில் 1,486 பேர், 478 குடும்பங்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்கு குடும்பங்கள் உதவித்தொகையை நம்பியே அடுப்பை ஏற்றின.

ஆய்வாளர்கள் உள்ளே வந்த விதம்

மாரி யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் இளைஞர்கள்; மூத்தவரான லாசர்ஸ்ஃபெல்டுக்கே அப்போதுதான் முப்பது வயது. முதலில் அவர்கள் ஆராய நினைத்தது தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை. இவ்வளவு பேர் வேலையில்லாமல் இருக்கும்போது ஓய்வைப் பற்றி என்ன ஆய்வு என்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பவர் அவர்களை வேலையின்மையின் பக்கம் திருப்பிவிட்டார். குழுவைச் சேர்ந்த லோட்டே டான்சிங்கர் ஊரிலேயே தங்கினார்.

அவர்கள் வைத்துக்கொண்ட ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. வேடிக்கை பார்க்க யாரும் ஊருக்குள் போகக் கூடாது. போகிறவர் ஊருக்கு ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொடுத்தபடியே கவனிக்க வேண்டும். அதனால் வியன்னாவில் பழைய துணிகளைச் சேகரித்து வந்து, சுமார் நூறு வீடுகளுக்கு நேரில் போய் யாருக்கு எது தேவை என்று கேட்டுக் கொடுத்தார்கள். மருத்துவர்கள் இலவசமாக நோயாளிகளைப் பார்த்தார்கள். பெண்களுக்குத் துணி வெட்டித் தைக்கும் வகுப்பு, சிறுமிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. எந்த வீட்டில் குழந்தைக்கு மட்டும் கேட்டார்கள், எந்த வீட்டில் கேட்கவே கூசினார்கள் என்பதெல்லாம் இந்த வேலைகளுக்கு நடுவில்தான் தெரியவந்தது. கடைசியில் சேர்ந்த தாள்களின் எடை சுமார் 30 கிலோ.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் பணம்

வேலை போனதும் சில காலம் வேலையின்மை உதவித்தொகை உண்டு. அதன் அளவு முன்பு வாங்கிய கூலியையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் பொறுத்தது. அந்தக் கெடு முடிந்தால் அவசரகால உதவி என்ற பெயரில் அதைவிடக் குறைந்த தொகை. அதுவும் ஒருநாள் முடியும். அதன் பிறகு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் நின்றது. அடுத்த படி கீழே என்று எல்லோருக்கும் தெரியும்.

உதவித்தொகை வாங்குபவர் வேறு எந்த வகையிலும் சம்பாதிக்கக் கூடாது. இந்த விதி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஆய்வில் மூன்று பேர் வருகிறார்கள். மரம் வெட்ட உதவி, கூலியாகக் கொஞ்சம் விறகு வாங்கிய ஒருவர். வீடுவீடாகப் பால் கொண்டுபோய்க் கொடுத்து, தன் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால் பெற்ற ஒரு தாய். ஹார்மோனிகா வாசித்துச் சில்லறை சம்பாதித்த ஒருவர். மூவருக்கும் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வராமல் இருந்ததில்லை. கை சும்மா இருப்பதை நிபந்தனையாக வைத்துவிட்டு, அந்தக் கையைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

அடுக்களை

41 குடும்பங்கள் ஒரு வாரம் முழுவதும் என்ன சாப்பிட்டோம் என்று எழுதிக் கொடுத்தன. பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இறைச்சி வாரத்தில் ஒரே ஒரு நாள். ஏறக்குறைய ஏழில் ஒரு வீட்டில் அதுவும் இல்லை. கிடைத்த இறைச்சியிலும் குதிரை இறைச்சியே அதிகம், விலை குறைவு. சர்க்கரையின் இடத்துக்கு சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு வந்தது. இரவுச் சாப்பாடு பல வீடுகளில் மதியம் மிஞ்சியது, அல்லது ரொட்டியும் காப்பியும். ஊரில் ஒரு நாயோ பூனையோ காணாமல் போனால் சொந்தக்காரர் புகார் கொடுப்பதில்லை. யாரோ சாப்பிட்டிருப்பார்கள் என்று அவருக்கே தெரியும். வயலில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் களவுபோனாலும் விவசாயிகள் அதைப் பெரிதாக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பொட்டலத்தை ஆசிரியர்கள் இரண்டு நாள் பார்த்தார்கள். பணம் வருவதற்கு முந்தைய நாள் பலர் கையில் வெறும் ரொட்டி, சிலரிடம் அதுவும் இல்லை. பணம் வந்த மறுநாள் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒழுங்கான சாப்பாடு. பெற்றோர் கவனிக்கவில்லை என்று சொல்ல இடமே இல்லாத சான்று இது. கையில் காசு வந்த அன்றே முதலில் அது பிள்ளையின் பையில் போய் விழுந்திருக்கிறது.

பலரிடம் சிறு தோட்டத் துண்டுகள் இருந்தன. உருளைக்கிழங்கு போட்டால் வயிற்றுக்கு ஆகும் இடத்தில் சிலர் பூச்செடி வைத்தார்கள். உதவித்தொகையில் வாழும் ஒரு குடும்பம் தெருவில் வந்த வியாபாரியிடம் வெனிஸ் நகரத்தின் வண்ணப் படம் ஒன்றை வாங்கியது. கடனில் இருந்த ஒரு பெண் தவணைக்குக் கூந்தல் சுருட்டும் கருவி வாங்கினார். கணக்குப் பார்ப்பவருக்கு இது தலையில் அடித்துக்கொள்ளும் செலவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாக் காசும் வயிற்றுக்கே என்று வருடக்கணக்கில் வாழ யாராலும் முடியாது. எப்படியும் போதாத பணத்தில் நாளைக்கு மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்பு அர்த்தம் இழந்துவிடும்.

செருப்பும் துணியும்

சாப்பாட்டைக் குறைக்கலாம். சப்பாத்து தேய்ந்தால் குறைக்க ஒன்றும் இல்லை. ஆலை நின்று இரண்டு வருடம் ஆகியும் வீடுகள் ஓரளவு தாக்குப்பிடித்ததற்குக் காரணம், சம்பளம் வந்த காலத்தில் வாங்கிய துணிமணியும் பாத்திரமும் படுக்கை விரிப்பும். அவற்றை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நாள் நகர்ந்தது. இருக்கும் ஒரே ஜோடி சப்பாத்து கெட்டுவிடும் என்று மகனைக் கால்பந்து ஆட விடாமல் வீட்டிலேயே வைத்திருந்தார் ஒரு தந்தை. சப்பாத்து பழுதானால் பிள்ளை பள்ளிக்குப் போகாது. வறுமை எந்த நாளில் இரட்டிப்பாகும் என்பதை அந்தத் தோல்தான் தீர்மானித்தது.

ஆண்களின் நேரமும் பெண்களின் நேரமும்

இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் போவது இந்தப் பகுதிக்குத்தான்.

பிரதான தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலில் மறைவாக உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு, போகிறவர்களின் நடையை அளந்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சிறு தூரத்துக்குள் இரண்டு முறையாவது நின்றார்கள். எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தவர் பத்தில் ஒருவர். பெண்களின் நடை ஆண்களைப் போல ஒன்றரை மடங்கு வேகம். அவர்களுக்கு வீட்டில் அடுப்பு காத்திருந்தது.

ஒருநாள் முழுவதும் மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னதும் வித்தியாசம் இன்னும் கூர்மையானது. 33 வயது ஆண் ஒருவரின் தாளில் காலையில் எழுந்ததும் பையன்களைப் பள்ளிக்கு எழுப்பிவிடுகிறார். அவர்கள் போனதும் விறகும் தண்ணீரும் கொண்டுவருகிறார். அதற்குப் பிறகு மணிகள் வெறிச்சோடுகின்றன. அதற்குள் மதியம் ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். மூன்று மணி நேரம் எங்கே போனது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் மதியச் சாப்பாட்டுக்கு ஆண்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று பெண்கள் குறைப்பட்டார்கள். எந்த வேலையும் இல்லாதவர் தாமதமாக வருவது ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லாதபோது மணி பார்க்கக் காரணமும் இல்லை என்பதுதான் விடை.

பெண்களின் தாள் நிரம்பி வழிந்தது. சமையல், துணி துவைத்தல், தைத்தல், ஒட்டுப்போடுதல், மறுபடி சமையல். கூலி மட்டும் நின்றது, வேலை நிற்கவில்லை. காசு குறையக் குறைய அந்த வேலை கூடியது; முன்பு கடையில் புதிதாக வாங்கியதை இப்போது ஊசியால் காப்பாற்ற வேண்டும். அப்படியிருந்தும் ஆலைக்குப் போன பழைய நாளை நினைத்து ஏங்கியவர்கள் அவர்களில் பலர். ஆலை ஓடிய காலத்தில் வேலை முடிந்து வந்து நள்ளிரவு வரை வீட்டு வேலை பார்த்தவர்கள் இவர்கள். ஆனாலும் மறுபடி தறிக்குப் போக முடிந்தால் போதும் என்றார்கள். பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. நான்கு சுவருக்குள் தனியாக இருப்பதை வாழ்வதாகவே அவர்கள் எண்ணவில்லை.

நேரம் கைநிறையக் கிடைத்தது. அதை வைத்து ஊர் என்ன செய்தது? தொழிலாளர் நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அப்படியும் 1929-க்கும் 1931-க்கும் இடையில் இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஒரு வாசகர் எடுத்துப்போகும் புத்தகங்களின் சராசரி 3.23-லிருந்து 1.6 ஆனது. அரசியல் நாளிதழான ஆர்பைட்டர் சைட்டுங் தன் சந்தாக்களில் 60 சதவீதத்தை இழந்தது. எளிய பொழுதுபோக்குச் செய்திகள் தந்த கிளைனெஸ் பிளாட் இழந்தது 27 சதவீதம்தான். ஒருகாலத்தில் ஊரே உலாவப் போன மாளிகைப் பூங்காவில் புல் காடாக மண்டியது. செப்பனிட ஆட்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் யாரும் அதைத் தொடவில்லை.

நாட்காட்டியும் மாறியது. ஞாயிற்றுக்கிழமை மற்ற நாளைப் போல ஆகிவிட்டது. பணம் வரும் நாளே ஊரின் திருநாள். அன்று கடன் தீரும், சாப்பாட்டில் ஏதாவது கூடும், தெருவில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

கணவன், மனைவி, பிள்ளைகள்

வறுமை குடும்பத்தை ஒன்றுசேர்க்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. மரியந்தாலில் சில வீடுகளில் அது நடந்தது. கணவன் வீட்டில் இருப்பதால் மனைவியோடு நெருக்கம் கூடியதும் உண்டு. ஆனால் பொதுவாக, நன்றாக இருந்த தம்பதிகளுக்குள்ளும் சின்னச் சின்ன சச்சரவு கூடியது. ஏற்கெனவே விரிசல் இருந்த இடத்தில் அது அகலமானது. இதற்கு மேல் நாடகம் எதையும் ஆய்வாளர்கள் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கப் போவதில்லை.

பிள்ளைகளைப் பற்றிய பகுதி வேறு. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளை எழுதச் சொல்லி, கேட்ட பொருள்களுக்கு விலை போட்டுப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளின் ஆசை சராசரியாக 36 ஷில்லிங். மரியந்தால் பிள்ளைகளின் ஆசை 12 ஷில்லிங். தொகையைவிட எழுதிய விதம்தான் நெஞ்சை அறுக்கிறது. அப்பா அம்மாவிடம் பணம் இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பேன் என்கிற தொனியில் பல பிள்ளைகள் எழுதினார்கள். அதாவது அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கக்கூடியதை மட்டும் சொன்னார்கள். வீட்டில் யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தாமலே, எவ்வளவு ஆசைப்படலாம் என்ற எல்லையைப் பத்து வயதில் அவர்கள் கற்றுவிட்டார்கள்.

நான்கு வகை வீடுகள்

வீடுவீடாகப் போனதிலிருந்து குடும்பங்களை நான்காகப் பிரித்தார்கள். வீட்டை ஒழுங்காக நடத்தி, வேலை தேடி, நாளையைப் பற்றித் திட்டம் வைத்திருந்தவர்கள் தளராதவர்கள். வீடும் பிள்ளைகளும் ஒழுங்கு, ஆனால் எதையும் எதிர்பார்க்காமல் தேவையைச் சுருக்கிக்கொண்டே போனவர்கள் அடங்கிப்போனவர்கள். வீடு அதே ஒழுங்கில் இருந்தும் உள்ளுக்குள் எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்கள் நம்பிக்கை இழந்தவர்கள். வீட்டையும் பிள்ளைகளையும் கவனிப்பதையே நிறுத்தி, அன்றைய பொழுதைக்கூடத் திட்டமிடாதவர்கள் கைவிட்டவர்கள்.

துணி கொடுக்கப் போன நூறு வீடுகள் மிகவும் சிரமத்தில் இருந்தவை. அவற்றில் 16 தளராதவை, 48 அடங்கிப்போனவை, 11 நம்பிக்கை இழந்தவை, 25 கைவிட்டவை. முழு ஊரையும் கணக்கிட்டால் தளராதவை 23 சதவீதம், அடங்கிப்போனவை 69, மற்ற இரண்டும் சேர்த்து 8. பசி முற்றினால் ஊர் கொதித்தெழும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றம். ஊரின் பெரும்பகுதி அமைதியாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து வருமானத்தைப் பார்த்தார்கள். வளர்ந்த ஆணை ஒரு பங்காகவும் பெண்ணையும் பிள்ளையையும் அதைவிடக் குறைந்த பங்காகவும் வைத்து, ஒவ்வொரு வீட்டின் மாத வரவையும் வகுத்தார்கள். ஒரு பங்குக்குத் தளராத வீடுகளில் 34 ஷில்லிங், அடங்கிப்போன வீடுகளில் 30, நம்பிக்கை இழந்த வீடுகளில் 25, கைவிட்ட வீடுகளில் 19.

ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து ஷில்லிங்; இது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். சர்க்கரையா சாக்கரினா என்பது அந்த ஐந்து ஷில்லிங். சப்பாத்தைப் பழுதுபார்ப்பதா, பிள்ளையை வீட்டில் நிறுத்துவதா என்பது அதில்தான் இருந்தது. எப்போதாவது ஒரு சிகரெட் வாங்குவதா, தெருவில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்குவதா என்பதும் அதில்தான்.

குணம் கெட்டதால் வருமானம் குறைந்திருக்கலாமே என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். அது பெரிய அளவில் பொருந்தாது. இவர்களுக்கு வந்தது கூலி அல்ல, உதவித்தொகை. பழைய கூலி, வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை, வேலை போய் எத்தனை காலம் என்பவையே அதை நிர்ணயித்தன. யார் விடியற்காலையில் எழுந்தார், யார் வீட்டைப் பெருக்கினார் என்று பார்த்து யாரும் அதைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. கெடு முடிய முடியத் தொகை இறங்கும் என்பதால், இன்று 30-ல் இருப்பவர் நாளை 25-ல் இருப்பார். நான்கு வகை என்று நாம் படிப்பது நான்கு விதமான மனிதர்களை மட்டும் அல்ல. ஒரே குடும்பம் இறங்கப்போகும் நான்கு படிகளையும் சேர்த்துத்தான்.

விதிவிலக்குகள் இருந்தன. முன்பு மிகவும் வசதியாக இருந்தவர்கள் சிலர் அந்த நினைவின் பலத்தில் நீண்ட நாள் தாங்கினார்கள், சிலர் அதே நினைவால் சட்டென்று உடைந்தார்கள். ஒருவர் வேலை கேட்டு 130 விண்ணப்பங்கள் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பிறகு காலைச் சாப்பாட்டையும் அடுப்புக் கரியையும் மிச்சம் பிடிக்க அரை நாளைப் படுக்கையில் கழித்தார். முயற்சி இல்லை என்று வெளியிலிருந்து பார்த்தவர் சொல்லியிருப்பார். 130 உறைகளும் தபால்தலைகளும் யார் கண்ணில் பட்டன?

குறை என்று ஒன்றைச் சொல்வேன். ஆய்வு ஒரு குளிர்காலத்தையும் அதை ஒட்டிய மாதங்களையும்தான் பிடித்தது. படி இறங்குவதை அவர்கள் பல வீடுகளை ஒரே நேரத்தில் பார்த்து ஊகித்தார்கள். ஒரே வீட்டை ஆண்டுக்கணக்கில் பின்தொடரவில்லை. தொடர்ந்திருக்கவும் முடியாது. 1933-ல் ஆய்வறிக்கை ஜெர்மனியில் வெளியானபோது ஆசிரியர்களின் பெயர்கள் முகப்பில் இல்லை, அவை யூதப் பெயர்கள் என்பதால். யாஹோடா 1936-ல் கைதாகி, 1937-ல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு இங்கிலாந்து போனார். கூலி ஒன்றைத் தவிர வேலை மனிதருக்கு ஐந்தைத் தருகிறது என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்களின் உறவு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், ஊரில் ஓர் இடம், கைக்கு வேலை. ஐந்தும் மரியந்தால் தெருவில் பார்த்தவை.

2020 அக்டோபரில் கீழ் ஆஸ்திரியாவின் வேலைவாய்ப்புத் துறை அதே ஊரில் வேறொரு சோதனையைத் தொடங்கியது. நீண்ட நாள் வேலையில்லாமல் இருந்த அந்த ஊரார் எல்லோருக்கும் விருப்பத்தின் பேரில், கூலியோடு வேலை தரப்படும் என்ற உறுதி அது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பொருளியலாளர்கள் விளைவுகளை அளந்தார்கள். வருமானமும் பாதுகாப்பு உணர்வும் உயர்ந்தன, நாளுக்கு ஒழுங்கு திரும்பியது, ஊரோடு ஒட்டுறவு கூடியது. உடல் நலத்தில் மாற்றம் தெரியவில்லை. பொறுமை, துணிச்சல் என்று நாம் குணமாக எண்ணுபவையும் ஏறக்குறைய முன்பு போலவே இருந்தன.